32 எழுத்தில் ஒரே வார்த்தை... எங்கே வெட்டுவது? சொல்லைக் கூறுபோட்டுப் பார்த்தவர் ஜெயிலுக்குப் போன கதை!

கொன்ஸ்தந்தினொபொலிதாஞ்சிகொவ்யானெச்கா.

ஒரே மூச்சில் படிக்க முடிந்ததா? பயப்பட வேண்டாம், இது மருந்துப் பெயர் இல்லை. போலிஷ் மொழியில் ஒரு வார்த்தை. போலந்துக்காரர்கள் எழுதும்போது இதற்கு 32 எழுத்து வரும். அன்றாடம் யாரும் இதைப் பேசுவதில்லை. நாக்கு சுளுக்குகிறதா என்று பார்க்க நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வார்த்தை. ஆனா இலக்கணப்படி பார்த்தால் ஒரு தப்பும் இல்லாத வார்த்தை.

அர்த்தம் ரொம்ப சாதாரணம். கான்ஸ்டான்டினோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல் நகரம் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர் வீட்டுச் சின்னப் பொண்ணு. அவ்வளவுதான்.

இவ்வளவு நீளமான வார்த்தையை ஒருவர் எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறார்? வாய் பிரிக்கும் இடமும் மனசு பிரிக்கும் இடமும் ஒன்றா? இந்தக் கேள்வியைச் சும்மா விடாமல் வாழ்நாள் முழுக்கத் துரத்தியவர் ஒருவர் இருந்தார். யான் போதுவென் தெ கூர்தெனே. போலந்தில் பிறந்த மொழியியல் அறிஞர். ஒலியன், உருபன் என்று இன்று உலகம் முழுக்க மொழியியல் வகுப்பில் சொல்லித் தருகிறார்களே, அந்த இரண்டு கருத்துகளுக்கும் பின்னால் இருப்பவர். அதே மனிதர் ரஷ்யாவில் ஜெயிலில் இருந்திருக்கிறார். போலந்தின் ஜனாதிபதி தேர்தலிலும் நிறுத்தப்பட்டிருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த வார்த்தையை வெட்டிப் பார்ப்போம்

வாயால் சொல்லும்போது அது 12 துண்டாக வருகிறது. கொன் - ஸ்தன் - தி - நொ - பொ - லி - தாஞ் - சி - கொ - வ்யா - னெச் - கா. ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு உயிரொலி. போலிஷில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தின துண்டில் விழும், விதிவிலக்கு ரொம்பக் குறைவு. அதனால் இங்கே அழுத்தம் 'னெச்' மேல்.

இப்போது அர்த்தத்தை வைத்து வெட்டலாம். 'கொன்ஸ்தந்தினொபொல்' ஊர்ப் பெயர். அதோடு 'இதாஞ்சிக்' சேர்ந்தால் அந்த ஊர்க்காரர். பிறகு வரும் 'ஒவ்', 'யான்' இரண்டும் அவரைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்கின்றன. 'எச்' வந்தால் சின்னது, செல்லம். கடைசியில் வரும் 'கா' பெண் என்று காட்டுகிறது.

இரண்டு வெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அர்த்தப்படி சிக், ஒவ், யான், எச். வாய்ப்படி சி, கொ, வ்யா, னெச். 'சிக்' என்பதில் இருந்த 'க்' ஓடிப்போய் அடுத்த துண்டில் உட்கார்ந்துவிட்டது. 'ஒவ்' தன் 'வ்'வை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டது. 'யான்' தன் 'ன்'னைக் கொடுத்துவிட்டது. வரிசையாக எல்லோரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்த மாதிரி.

நமக்கு இது புதுசு இல்லை. பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். 'படித்தான்' என்ற சொல் உறுப்புகளாகப் பிரியும்போது படி + த் + த் + ஆன். ஆனா செய்யுளில் அசை பிரிக்கச் சொன்னால் 'படித்', 'தான்' என்று இரண்டு. காலம் காட்டும் 'த்'தும் ஆண்பால் காட்டும் 'ஆன்'னும் அசையில் 'தான்' என்று ஒட்டிக்கொண்டுவிடும். வெட்டு, 'தா' என்ற ஓர் எழுத்தின் நடுவயிற்றில் விழுகிறது. (இந்த இடத்தில் மார்க் போனவர்கள் மனம் தளர வேண்டாம். ஐரோப்பாவில் இதைத் தெளிவாகச் சொல்ல ஒருவர் 1870கள் வரை வர வேண்டியிருந்தது.)

யார் இந்த போதுவென்?

பெயரைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் மாதிரி இருக்கிறது இல்லையா? முன்னோர்கள் பிரான்சிலிருந்து வந்த பிரபுக் குடும்பம். ஆனா இவர் காலத்தில் குடும்பம் முழுக்கப் போலிஷ் ஆகிவிட்டது. 'யான்' என்பது நம்மூர் ஜான்தான்.

1845 மார்ச் 13 அன்று வார்சாவுக்குப் பக்கத்தில் ராட்ஸிமின் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று பேரரசுகள் அதைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டிருந்தன. வார்சா ரஷ்யாவின் கையில் இருந்தது.

1863-ல் ரஷ்யாவுக்கு எதிராகப் போலந்துக்காரர்கள் கிளர்ச்சி செய்தார்கள். தோற்றுப்போனார்கள். அதன்பிறகு போலிஷ் மொழி பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று ஒவ்வோர் இடமாக வெளியே தள்ளப்பட்டது. போதுவென் படித்த வார்சா உயர்கல்வி நிலையத்துக்கும் அதே கதி. போலிஷில் பாடம் நடந்த அந்த இடத்தை மூடிவிட்டு, 1869-ல் ரஷ்ய மொழிப் பல்கலைக்கழகமாக மாற்றினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே இவர் படிப்பை முடித்துவிட்டார். அதனால் தப்பித்தார்.

ஒரு மொழியை அரசாங்கம் நினைத்தால் கதவுக்கு வெளியே நிறுத்த முடியும் என்பதை 20 வயதுக்குள் கண்ணால் பார்த்த தலைமுறை இது. அவருடைய பிற்கால வாழ்க்கையைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிராக், யேனா, பெர்லின், பீட்டர்ஸ்பர்க் என்று சுற்றிப் படித்தார். 1870-ல் லைப்சிக்கில் டாக்டர் பட்டம். ஆராய்ச்சித் தலைப்பே போலிஷ் சொற்களைப் பற்றியதுதான். பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது, ஒரு சொல் இன்னொரு சொல்லைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வது எப்படி என்பது விஷயம்.

அந்தக் காலத்துப் பெரிய மொழியறிஞர்கள் பலர், மொழி ஒரு மரம் மாதிரி, தானாகப் பிறந்து வளர்ந்து பட்டுப்போகும் என்று நம்பினார்கள். பழைய ஓலை, பழைய கல்வெட்டு, பழைய வேதம், இதில்தான் அவர்களுக்கு ஆர்வம். போதுவென் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மொழி மரத்தில் காய்ப்பது இல்லை, பேசுகிறவர் தலைக்குள் இருக்கிறது என்றார். செத்த மொழியை ஆராய்வதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்பது அவர் கட்சி.

சொன்னதைச் செய்தும் காட்டினார். இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ரெசியா என்ற மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே சில கிராமங்களில் மட்டும் ஒரு ஸ்லோவேனியப் பேச்சுவழக்கு உயிரோடு இருந்தது. 1870களில் அங்கே போய், ஜனங்கள் பேசுவதை அப்படியே குறித்துக்கொண்டார். 1875-ல் அந்தப் பேச்சின் ஒலிகளைப் பற்றி ஒரு புத்தகமே வந்தது. பண்டிதர்கள் யாரும் மொழி என்றே மதிக்காத ஒரு பேச்சுக்கு அவ்வளவு மரியாதை.

கசான்... தூக்கி எறியப்பட்ட ஊரில் தொடங்கிய புரட்சி

நல்ல வேலை கிடைத்ததா என்றால், இல்லை. ரஷ்யப் பேரரசின் கிழக்கே, வோல்கா ஆற்றங்கரையில் இருக்கும் கசான் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக முடிந்தது. வார்சாவிலிருந்தும் தூரம், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்தும் தூரம். ஒரு போலந்துக்காரர் அங்கே போய் என்ன செய்துவிட முடியும்?

1883 வரை அங்கே இருந்தார். அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான வருஷங்கள் அவைதான். சுற்றிலும் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் மிக்கொலாய் க்ருஷெவ்ஸ்கி. ஸ்கூல் வாத்தியாராக இருந்து காசு சேர்த்து, 1878-ல் கசானுக்கு வந்து சேர்ந்த இன்னொரு போலந்துக்காரர். குருவும் சிஷ்யரும் சேர்ந்து யோசித்தவை பிற்காலத்தில் கசான் பள்ளி என்று பெயர் பெற்றன.

அவர்கள் கண்டுபிடித்தது என்ன? எளிமையாகச் சொன்னால், பேச்சை இரண்டு விதமாக வெட்டலாம், இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்பதுதான்.

ஒன்று வாயின் வழி. பேச்சு சொற்களாக, சொற்கள் அசைகளாக, அசைகள் ஒலிகளாகப் பிரியும். இதற்கு அர்த்தம் தேவையில்லை. போலிஷ் தெரியாத ஒருவர்கூடக் காதால் கேட்டு ஓரளவு பிரித்துவிடலாம்.

இன்னொன்று அர்த்தத்தின் வழி. வாக்கியம், சொல், அதற்குள் இன்னும் சின்னதாக, இதற்கு மேல் பிரித்தால் பொருளே இருக்காது என்ற துண்டு. இந்தத் துண்டுக்கு வேர், முன்னொட்டு, பின்னொட்டு, விகுதி என்று தனித்தனிப் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. ஆனா இவை எல்லாமே ஒரே இனம், ஒரே பொதுப்பெயர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1880களின் தொடக்கத்தில் போதுவென் அதற்கு ஒரு பெயர் வைத்தார். மார்ஃபீம். தமிழில் நாம் உருபன் என்கிறோம்.

ஒரு பெயர் வைத்தது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். போலிஷ் மாதிரி ஒரு மொழிக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

ஒரு காசை எடுத்துக்கொள்ளுங்கள்

போலந்தில் 50 க்ரொஷ் நாணயம் இருக்கிறது. நம்மூர் பழைய எட்டணா மாதிரி. அதை அவர்கள் ஒரே சொல்லில் பியெஞ்ச்ஜெஷென்சொக்ரொஷுஃப்கா என்கிறார்கள். எழுத்தில் 23. கடையில் சில்லறை கேட்கும்போது சர்வசாதாரணமாக வரும் வார்த்தை.

வாய்க்கு ஏழு அசை. பியெஞ்ச் - ஜெ - ஷென் - சொ - க்ரொ - ஷுஃப் - கா. அர்த்தத்துக்கு வேறு கணக்கு. 'பியெஞ்ச்' ஐந்து. 'ஜெஷென்ச்' பத்து. நடுவில் ஒட்டுவதற்கு ஓர் 'ஒ'. 'க்ரொஷ்' காசு. பிறகு அதைப் பொருளின் பெயராக்கும் ஒட்டுகள். இங்கேயும் பத்தின் கடைசி 'ச்' போய் 'சொ'வில் உட்கார்ந்தது. காசின் கடைசி 'ஷ்' போய் 'ஷுஃப்'பில் உட்கார்ந்தது.

வெளியூர்க்காரருக்கு இது எழுத்துக் குவியல். ஒரு போலந்துக் குழந்தைக்கு இது ஐந்து, பத்து, காசு. நீளமான போலிஷ் சொல்லைப் பார்த்து மிரளாமல் இருப்பதன் ரகசியம் இதுதான். அசை எண்ணிக்கொண்டு போனால் மூச்சு வாங்கும், உருபனைத் தேடினால் சட்டென்று திறக்கும்.

சில சமயம் வெட்டை மாற்றினால் ஆளே மாறிவிடும். 'பொட்ஜெச்' என்றால் கிழித்துப் போடுவது. 'பொட்ஜுசிச்' என்றால் மேலே தூக்கிப் போடுவது. இரண்டும் ஆரம்பத்தில் ஒரே எழுத்துகள். ஆனா முதலாவதில் முன்னொட்டு 'பொ' மட்டும், இரண்டாவதில் 'பொட்'. வரி முடிவில் இடமில்லாமல் கோடு போட்டுப் பிரிக்கும்போது, போலிஷில் முதல் சொல்லை 'பொ'வுக்குப் பின்னால் பிரிக்க வேண்டும், இரண்டாவதை 'பொட்'டுக்குப் பின்னால் பிரிக்க வேண்டும். எழுத்தை மட்டும் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு இது தலைவலி. அர்த்தம் தெரிந்தவருக்கு ஒரு விநாடி வேலை.

கை எப்படி மாறினாலும் கைதான்

உருபன் என்று பெயர் வைத்ததும் அடுத்த சிக்கல் வந்தது. போலிஷில் 'ரெங்கா' என்றால் கை. 'ரென்ட்ஸே' என்றால் கைகள். 'ரோன்ச்கா' என்றால் சின்னக் கை. க் இருந்த இடத்தில் ஒரு முறை ட்ஸ், இன்னொரு முறை ச். உயிரெழுத்தும் மாறுகிறது. இவ்வளவு மாறினாலும் பேசுகிறவருக்கு அது ஒரே கை. எப்படி?

வாயால் சொல்ல முடியாததால் மாறியது என்று சொல்லலாமா? முடியாது. போலிஷில் ஹோட்டல் சர்வருக்கு 'கெல்னெர்' என்று பெயர். 'கெ' அவர்கள் வாயில் நன்றாகவே வருகிறது. ஆக, 'ரென்ட்ஸே' என்பது இன்றைய வாயின் கட்டாயம் இல்லை. எப்போதோ முன்னோர் வாயில் நடந்த மாற்றத்தின் மிச்சம். ஆனா அந்த மிச்சத்துக்கு இன்று ஒரு வேலை கிடைத்திருக்கிறது, ஒருமையா பன்மையா என்று காட்டிக்கொடுக்க உதவுகிறது.

இந்த மாதிரி ஒலி மாற்றங்களை வகை பிரித்தார். வாய் கட்டாயப்படுத்துவது எது, பழக்கத்தால் வந்தது எது, இலக்கண வேலை செய்வது எது என்று தனித்தனியாக. இதை 1894-ல் போலிஷில் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷம் ஜெர்மனில் வந்தது.

ஒலியன் என்ற கருத்தும் இங்கிருந்துதான் வளர்ந்தது. ரொட்டிக்குப் போலிஷில் 'ஹ்லெப்'. கடைசி ஒலி நம் 'பழம்' என்பதில் வரும் ப மாதிரி. ஆனா ரொட்டியின் என்று சொல்ல 'ஹ்லெபா' என்றால், அதே ஒலி நம் 'தம்பி' என்பதில் வரும் பி-யின் ஒலி மாதிரி ஆகிவிடும். காதுக்கு இரண்டு ஒலி. மனசுக்கு ஒன்று. வாயில் வருவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், மனசில் நிற்கும் பிம்பம் மாறாது, அந்தப் பிம்பம்தான் ஒலியன் என்றார் போதுவென்.

(பழம், தம்பி என்ற இரண்டையும் ஒரே ப-வால் எழுதிவிட்டு அதைப் பற்றி நாம் கவலைப்படுவதே இல்லை. அந்த அலட்சியத்துக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்.)

ஒலியன் என்ற சொல்லுக்கான மூலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆனா அங்கே அதன் அர்த்தம் வேறு. அதை எடுத்துப் புது அர்த்தம் கொடுத்தது கசான் ஜோடி. சொல்லைத் தேர்ந்தெடுத்த பெருமை க்ருஷெவ்ஸ்கிக்கே என்று போதுவென் எழுதியே வைத்திருக்கிறார். அந்த க்ருஷெவ்ஸ்கியோ ரொம்ப நாள் இருக்கவில்லை. மன நோயால் வேலையை விட்டு, 1887-ல் 35 வயதில் இறந்துபோனார்.

பிறகு ஏன் உலகத்துக்கு இவர் பெயர் தெரியவில்லை?

நவீன மொழியியலின் தந்தை என்றால் எல்லோரும் சொல்வது சுவிட்சர்லாந்தின் சசூர் பெயரை. அந்த சசூரும் போதுவெனும் 1881-ல் பாரிஸில் சந்தித்திருக்கிறார்கள். கடிதமும் எழுதிக்கொண்டார்கள். போதுவெனையும் க்ருஷெவ்ஸ்கியையும் மேற்கத்திய அறிஞர்கள் கண்டுகொள்ளவில்லை என்று சசூரே தன் குறிப்பில் வருத்தப்பட்டிருக்கிறார்.

காரணம் சுலபம். போதுவென் எழுதியதில் பெரும்பகுதி போலிஷிலும் ரஷ்ய மொழியிலும் இருந்தது. அதுவும் ஒரே பெரிய புத்தகமாக இல்லை. அங்கங்கே பத்திரிகையில், வகுப்புக் குறிப்பில், துண்டுப் பிரசுரத்தில் சிதறிக் கிடந்தது. சசூரின் பாடங்களை மாணவர்கள் தொகுத்து 1916-ல் ஒரே புத்தகமாகப் போட்டார்கள், அது உலகம் சுற்றியது. இவருக்கு அந்த யோகம் இல்லை.

கசானுக்குப் பிறகு டோர்பாட், அதாவது இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு. அங்கே பத்து வருஷம். 1893-ல் ஆஸ்திரியாவின் கையில் இருந்த கிராக்கோவ் நகரத்துக்குப் போனார். சொந்த மண், சொந்த மொழி, கடைசியாகப் போலிஷிலேயே வகுப்பு எடுக்கலாம். ஆனா வாய் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகளை வெளிப்படையாக விமர்சித்தார், ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 1900-ல் மறுபடியும் ரஷ்யா, இந்த முறை தலைநகர் பீட்டர்ஸ்பர்க்.

அங்கே அவர் செய்த ஒரு வேலை இன்றும் பேசப்படுகிறது. விளாதிமிர் தால் தொகுத்த புகழ்பெற்ற ரஷ்ய அகராதியின் மூன்றாம் பதிப்பை 1903 முதல் 1909 வரை இவர் திருத்தி வெளியிட்டார். குறைந்தது 20,000 புதிய சொற்கள் சேர்ந்தன. அதில் கெட்ட வார்த்தைகளும் உண்டு! ஜனங்கள் பேசுகிறார்களா, அப்படியானால் அகராதியில் இருக்க வேண்டும், நல்லது கெட்டது பார்க்க நான் யார் என்பது அவர் நிலை. எதிர்ப்பு கிளம்பியது. பிறகு வந்த சோவியத் அரசு அகராதியை மறுபதிப்புச் செய்தபோது இவருடைய பதிப்பை ஓரமாக வைத்துவிட்டு, பழைய பதிப்பைத்தான் அச்சடித்தது.

லெவ் ஷெர்பா, யெவ்கெனி பொலிவானொவ் போன்ற பிற்காலப் பெரிய பெயர்கள் இங்கே அவரிடம் படித்தவர்கள்தான். 1907-ல் உலகத்துக்கு ஒரு பொது மொழியைத் தேர்ந்தெடுக்கப் பாரிஸில் கூடிய குழுவிலும் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டம் சண்டையில் முடிந்து, எஸ்பெராண்டோ ஆதரவாளர்கள் இரண்டாக உடைந்தார்கள். அது தனிக் கதை.

ஒரு சிறு நூல்... சிறை

சொல்லின் எல்லையை ஆராய்ந்தவர் இப்போது மக்களின் எல்லையைப் பற்றி எழுதினார். 1913-ல் வந்தது அந்தச் சின்னப் புத்தகம். ரஷ்யப் பேரரசில் போலந்துக்காரர், உக்ரைனியர், லிதுவேனியர், யூதர், இன்னும் எத்தனையோ மக்கள் இருக்கிறார்கள். அவரவர் மொழிக்கும் வாழ்வுக்கும் உரிமை கொடுங்கள், இல்லாவிட்டால் இந்த மக்களுக்கு இந்த நாட்டின் மேல் பற்று எங்கிருந்து வரும் என்பது அதன் சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் போலந்துக்காரர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. ஒரு நிலப்பகுதியில் யார் பெரும்பான்மையோ அவர்களுக்கே அது சொந்தம் என்பதையும் அவர் ஏற்கவில்லை. எந்த இனம், எந்த மொழி என்பதை அந்தந்த மனிதர் தானே சொல்ல வேண்டும், வரைபடத்தைப் பார்த்து மற்றவர் சொல்லக்கூடாது என்றார். எந்த இனமும் வேண்டாம் என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்கிற அளவுக்குப் போனார்.

அரசாங்கத்துக்குக் கோபம் வந்தது. வழக்கு, தண்டனை, சிறை. 70 வயதை நெருங்கும் பேராசிரியர் சில மாதங்கள் கம்பிக்குப் பின்னால் இருந்தார். முதல் உலகப் போர் தொடங்கிய சமயத்தில்தான் வெளியே வந்தார்.

103 ஓட்டு வாங்கிய மொழியறிஞர்

1918-ல் போலந்து மறுபடியும் நாடானது. 73 வயதில் வார்சாவுக்குத் திரும்பினார். இனி நிம்மதியாக இருந்திருப்பார் என்று நினைத்தால் தப்பு.

புதிய போலந்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போலிஷ் அல்லாதவர்கள். உக்ரைனியர், யூதர், பெலாரஷ்யர், ஜெர்மானியர். நேற்று வரை ரஷ்யாவிடம் உரிமை கேட்ட போலந்துக்காரர்களில் பலர், இன்று தங்கள் நாட்டில் இருக்கும் சிறுபான்மையினருக்கு அதே உரிமையைத் தரத் தயங்கினார்கள். போதுவென் மட்டும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அன்று ரஷ்யாவுக்குச் சொன்னதை இப்போது சொந்த நாட்டுக்குச் சொன்னார். என் பார்வையில், ஒலியனைவிட உருபனைவிட அவரை மதிக்க வைப்பது இதுதான்.

1922 டிசம்பர் 9. நாட்டின் முதல் ஜனாதிபதி தேர்தல். ஓட்டுப் போடுவது மக்கள் அல்ல, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும். மொத்தம் ஐந்து வேட்பாளர்கள். சிறுபான்மையினர் கூட்டணி நிறுத்தியது 77 வயது போதுவெனை. ஜெயிக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதல் சுற்றில் 103 ஓட்டு விழுந்தது, மூன்றாவது இடம்.

அடுத்த சுற்றுகளில் அந்த ஓட்டுகள் வேறு பக்கம் நகர்ந்தன. மூன்றாவது சுற்றில் அவர் வெளியேறினார். முதல் சுற்றில் 62 ஓட்டு மட்டுமே வாங்கியிருந்த பொறியாளர் கேப்ரியல் நாருடோவிச், ஐந்தாவது சுற்றில் 289 ஓட்டோடு ஜெயித்தார். சிறுபான்மையினரின் ஓட்டுகளும் சேர்ந்துதான் அந்த வெற்றி.

அதுவே பிரச்சினை ஆனது. போலிஷ் அல்லாதவர்கள் ஓட்டில் வந்த ஜனாதிபதி எங்களுக்கு வேண்டாம் என்று தேசியவாதிகள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பர் 11 அன்று நாருடோவிச் பதவி ஏற்றார். ஐந்தே நாள். டிசம்பர் 16 அன்று வார்சாவில் ஓர் ஓவியக் கண்காட்சியைப் பார்க்கப் போனவரை, எலிகியுஷ் நியெவியாடோம்ஸ்கி என்ற ஓவியர் சுட்டுக் கொன்றார்.

யார் போலந்துக்காரர், யார் இல்லை என்று கோடு போடுவது எவ்வளவு ஆபத்தானது என்று இத்தனை வருஷம் எழுதியவர், தன்னை நிறுத்திய அதே தேர்தல் ரத்தத்தில் முடிந்ததைப் பார்த்தார்.

கடைசி நாட்கள்

வார்சா பல்கலைக்கழகத்தில் கௌரவப் பேராசிரியராக இருந்தார். எழுதினார், சண்டை போட்டார், மறுபடி எழுதினார். 1929 நவம்பர் 3 அன்று 84 வயதில் இறந்தார். கத்தோலிக்க சபையிலிருந்து விலகியிருந்தவர் என்பதால், வார்சாவில் சீர்திருத்தச் சபையினரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. மகள் செசாரியா பிற்காலத்தில் போலந்தின் முக்கியமான இனவரைவியல் அறிஞர் ஆனார்.

வீட்டிலும் அவர் காதைச் சும்மா வைத்திருக்கவில்லை. தன் குழந்தைகள் மழலையாகப் பேச ஆரம்பித்ததிலிருந்து, அவர்கள் சொல்லும் ஒவ்வொரு ஒலியையும், தப்பாக ஒட்டிய விகுதியையும், தாங்களே புதுசாக உண்டாக்கிய வார்த்தையையும் நோட்டுப் போட்டு எழுதிவந்தார். எந்தத் துண்டை எங்கே ஒட்ட வேண்டும் என்று குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்க்கத்தான். அவர் உயிரோடு இருந்தவரை அது புத்தகமாக வரவில்லை. 1974-ல்தான், அதிலிருந்து ஒரு பகுதி போலந்தில் அச்சானது.